ஊரைத் தாண்டிப் போற ரோடு வேற, ஊருக்கு வர்ற ரோடு வேற!



"எட்டு வழிச்சாலை மட்டும் வந்திருந்தா இந்நேரம் செங்கம் எங்கேயோ போயிருக்கும். போராட்டம் பண்ணியே வளர்ச்சியைக் கெடுத்துட்டீங்க." இந்த உருட்டு ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம பதிவு எது போட்டாலும் கீழ வந்து இதையே காப்பி பேஸ்ட் பண்ணிட்டுப் போறாங்க. ஒரு தடவை முழுசா பதில் சொல்லி முடிச்சிடலாம். நீளமான பதிவுதான். பொறுமையா படிங்க, அப்புறம் ஷேர் பண்ணுங்க.

முதல்ல ஒண்ணு. நாம ரோட்டுக்கு எதிரி இல்ல. ரோடு இல்லாம டோலி கட்டித் தூக்குற ஜனங்களோட பக்கம் நிக்கிறவங்க, ரோடு வேணாம்னு சொல்வாங்களா? நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அந்த ரோடு யாரை ஏத்திக்கிட்டு எங்க போகுது?

■ செங்கம் வழியில்லாத ஊரு இல்ல. வழியில இருக்கிற ஊரு!

பத்துப்பாட்டுல ஒண்ணு மலைபடுகடாம். 583 அடி. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போற கூத்தருக்கு வழி சொல்ற பாட்டு அது. எங்க பாறை வழுக்கும், எங்க பாம்பு இருக்கும், எந்த ஊர்ல சோறு போடுவாங்கன்னு வரிசையா சொல்லுவார் புலவர். அந்தச் செங்கண்மாதான் இன்னைக்கு நம்ம செங்கம்.

1767 செப்டம்பர் 3. ஐதர் அலி, நிஜாம் படை ஒரு பக்கம், கர்னல் ஸ்மித் தலைமையில் கம்பெனிப் படை ஒரு பக்கம். முதல் மைசூர்ப் போரோட முக்கியமான சண்டை நடந்தது இந்தச் செங்கத்துல. ஏன் இங்க? பாராமகாலுக்கும் கீழ்ச் சமவெளிக்கும் நடுவுல இருக்கிற கணவாய் இது. இதைப் பிடிச்சவனுக்குத்தான் வழி.

ஆக, ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் இந்த வழியாத்தான் போயிட்டிருக்காங்க. படை போச்சு, வண்டி போச்சு, லாரி போகுது. ஊருக்கு என்ன வந்துச்சு? இதுதான் கேள்வி.

■ எட்டு வழி, யாருக்கு வழி?

2018. மத்தியில் பா.ஜ.க., மாநிலத்தில் அ.தி.மு.க. சென்னை – சேலம் பசுமைவழிச்சாலைன்னு அறிவிச்சாங்க. 277 கிலோமீட்டர், மதிப்பீடு 10,000 கோடி ரூபாய். அதுல 120 கிலோமீட்டருக்கு மேல நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ள. செங்கம் வட்டத்து நெல் வயலும் கிணறும் தென்னந்தோப்பும் அந்தக் கோட்டுக்குள்ள மாட்டுச்சு. போலீஸைக் கூட்டிக்கிட்டு வந்து கல் நட்டாங்க. கேள்வி கேட்டவங்களைக் கைது செஞ்சாங்க.

2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செஞ்சது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிட்டு புதுசா அறிவிக்கை வெளியிடலாம்னு சொன்னது. 2021-இல் ஆட்சி மாறுச்சு. நெடுஞ்சாலைத் துறைக்கு வந்த அமைச்சர் எ.வ.வேலு இதே மாவட்டத்துக்காரர். அவரே 2022-இல், தி.மு.க. எட்டு வழிச்சாலையை எதிர்க்கவே இல்லைங்கிற மாதிரி பேசினார். எதிர்க்கட்சியா இருந்தப்போ வயல்ல நின்னு பேசினது ஒண்ணு, கார்ல ஏறினதும் பேசினது வேற.

சரி, அந்த ரோடு வந்திருந்தா செங்கத்துக்கு என்ன கிடைச்சிருக்கும்? நான் இன்ஜினியரிங் படிச்சவன், டெக்னிக்கலாவே சொல்றேன். அது நம்ம ஊரு ரோடு மாதிரி கிடையாது. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச்சாலை. நினைச்ச இடத்துல ஏற முடியாது, இறங்க முடியாது. குறிப்பிட்ட சில சந்திப்புல மட்டும்தான் வாசல். டவுன் பஸ் நிக்காது, மாட்டு வண்டி போகாது, டி.வி.எஸ். 50-ல கடலை மூட்டை ஏத்திட்டுப் போக முடியாது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல்னு இருக்கிறவன் சுரங்கப்பாதை தேடி சுத்தணும். நிலம் நம்மது, வேகம் அவங்களுது. சேலத்துல ஏறினவன் சென்னையில் இறங்குவான். நடுவுல நாம வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு டாட்டா காட்டலாம்.

■ இருக்கிற ரோட்டோட கதி என்ன?

தேசிய நெடுஞ்சாலை 77. பழைய நம்பர் 66. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி. புதுச்சேரியிலிருந்து பெங்களூரு போற வண்டி, பவுர்ணமிக்கு கிரிவலம் வர்ற வண்டி, மேல்மலையனூர் போற வண்டி, எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான். இதை அகலப்படுத்துற வேலையை 2010-களின் தொடக்கத்துல ஆரம்பிச்சாங்க. வருஷக்கணக்கா பாதியில கிடந்து, தோண்டின பள்ளமும் புழுதியுமா ஜனங்க பட்ட பாடு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு மறக்காது. கடைசியில வந்ததும் ரெண்டு வழிதான்.

2023 அக்டோபர் மாசத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. 15-ஆம் தேதி பக்கிரிபாளையம் பக்கத்துல காரும் லாரியும் நேருக்கு நேர். மேல்மலையனூர் போயிட்டு பெங்களூரு திரும்பின ஏழு பேர் போயிட்டாங்க. குழந்தைகளும் அதுல உண்டு. பத்து நாள்கூட ஆகல. அந்தனூர் பக்கத்துல காரும் அரசுப் பேருந்தும் மோதி மறுபடி ஏழு உயிர். பிழைப்புக்காக அஸ்ஸாம்ல இருந்து வந்த தொழிலாளிங்களும் அதுல உண்டு. ஒரே ஊரு, ஒரே ரோடு, ஒரே மாசம், 14 பிணம்.

10,000 கோடியில் புது ரோடு கனவு கண்டவங்களுக்கு, இருக்கிற ரோட்டுல எதிரெதிர் வண்டியைப் பிரிக்க ஒரு நடுத்தடுப்பு போடணும்னு தோணலையே. நாலு வழி கேட்டா "போக்குவரத்து எண்ணிக்கை போதாது"ன்னு கணக்கு காட்டுவாங்க. யாரும் கேட்காத எட்டு வழிக்கு மட்டும் எண்ணிக்கை எங்கிருந்து வந்துச்சு?

■ ரயில்: ஆயிரம் கோடி இல்ல, ஆயிரம் ரூபாய்!

திருவண்ணாமலை நாடாளுமன்றத் தொகுதியில ஆறு சட்டமன்றத் தொகுதி: ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம். இந்த மேப்பைக் கொஞ்சம் பாருங்க. ஒரு முனையில தென்னகத்தோட பெரிய சந்திப்புகள்ல ஒண்ணான ஜோலார்பேட்டை. மறு முனையில விழுப்புரம் – காட்பாடி பாதையில திருவண்ணாமலை. நடுவுல செங்கம். தண்டவாளமே கிடையாது. ஒரே எம்.பி. தொகுதிக்குள்ள இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ரயிலில் போகணும்னா காட்பாடி போய் சுத்தி வரணும். செங்கம் வழியா ஜோலார்பேட்டைக்கு இணைப்பு கேட்டு எத்தனை மனு போச்சு! ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குறுதியில வரும், ஓட்டு எண்ணினதும் இறங்கிடும்.

கிழக்குப் பக்கம் மட்டும் என்ன வாழுது? திண்டிவனம் – திருவண்ணாமலை புதுப் பாதை, சுமார் 70 கிலோமீட்டர், 2006-07 ரயில்வே பட்ஜெட்டுல வந்தது. அன்னைக்குப் பொறந்த பிள்ளைக்கு இன்னைக்கு ஓட்டு இருக்கு, அந்தப் பாதைக்கு ரயில் இல்ல. சில வருஷ பட்ஜெட்டுல இதுக்கு ஒதுக்கின தொகை தெரியுமா? ஆயிரம் ரூபாய். கோடி இல்லைங்க, வெறும் ஆயிரம். திட்டம் சாகலைன்னு காட்ட வாயில ஊத்துற பால்.

"ரயில் விட்டா கூட்டம் வராது"ன்னு ஒரு சாக்கு. 2024 மே 2 முதல் சென்னை கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு நேரடி ரயில் விட்டாங்க. அப்போ டிக்கெட் 50 ரூபாய். பஸ் டிக்கெட்டுல பாதிகூட இல்ல. அதுல ஏறிப் போற ஜனத்தைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, கூட்டம் வராதுன்னு. பெங்களூரு, ஓசூர், சென்னைன்னு வேலைக்குப் போற செங்கத்துப் பையன் தீபாவளிக்கு ஊருக்கு வர, படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வர்றான். அவனுக்கு ரயில்னா வசதி இல்ல, ஒரு நாள் கூலி மிச்சம்.

■ மலை மேல போவோம்

ஜவ்வாது மலை. 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிஞ்ச பிறகு திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துக்குப் பங்கு போன மலை. மலையாளி பழங்குடி மக்கள் பூமி. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமா வெச்சு ஒரு ஒன்றியம், 11 ஊராட்சி. சாமை, புளி, தேன், பலா, சீத்தா, நெல்லிக்காய்னு மலையில எல்லாமே விளையுது. ஆனா விலை மட்டும் மலையில இருக்கிறவன் சொல்றதில்ல. சந்தைக்கு ஏத்திட்டுப் போக வண்டி இல்லாதவன், வண்டியோட வர்ற வியாபாரி சொல்ற விலைக்குத்தான் தருவான். வண்டி யார் கையில இருக்கோ விலையும் அவன் கையில. அடுத்த வாரம் விற்கலாம்னு வெச்சா பலா அழுகிடும். இதுல "பழங்குடி மக்களுக்கு வியாபாரத் திறமை பத்தல"ன்னு பாடம் எடுப்பாங்க. திறமை இருக்குங்க. ரோடு இல்ல.

அந்த ரோடு இல்லாததுக்கு விலை என்னன்னு ரெண்டு சம்பவம் சொல்றோம்.

2015 ஏப்ரல் 7. ஆந்திராவோட சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டப் போனாங்கன்னு சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்னாங்க. பெரும்பாலானவங்க திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து மலை ஊருங்களும் அடிவார ஊருங்களும் சேர்ந்தவங்க. சொந்த மலையில விளைஞ்சதை வித்துப் பிழைக்க முடிஞ்சிருந்தா, ஏஜெண்ட் பேச்சை நம்பி எவன் இன்னொரு மாநிலத்துக் காட்டுக்குப் போவான்?

2023 மே. வேலூர் மாவட்டம் அல்லேரி மலை, ஜவ்வாது மலைத்தொடர்தான். ஒன்றரை வயசுப் பெண் குழந்தையைப் பாம்பு கடிச்சது. ரோடு இல்ல. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போச்சு. பிரேதப் பரிசோதனை முடிஞ்சு திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் பாதியில நின்னது, மேல போக வழி கிடையாது. பெத்த தாய் அந்தப் பிஞ்சு உடம்பைக் கையில ஏந்திக்கிட்டு மலை ஏறி நடந்தா. அதுக்கப்புறம் அதிகாரிங்க மலை ஏறினாங்க, ஃபைலும் நகர்ந்தது. ஒரு ஃபைல் நகர ஒரு குழந்தை சாகணுமா?

■ "காட்டிலாகா அனுமதி கிடைக்கல": பெரிய உருட்டு

மலை ரோடு பத்திக் கேட்டா ஆளுங்கட்சிக்காரங்க, அதிகாரிங்க எல்லாரும் சொல்ற ஒரே வசனம் இது. நல்லா கவனிங்க, சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2). ரோடு, பள்ளி, மருந்தகம், குடிநீர், மின்சார லைன், தொலைத்தொடர்பு லைன் உட்பட 13 வகை வசதிக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக் கூடாது. அந்த ஊர் கிராம சபை பரிந்துரைக்கணும். இவ்வளவுதான் நிபந்தனை. முடிவு மாவட்ட வன அலுவலர் மட்டத்துலயே எடுக்கலாம்.

ஒரு ஹெக்டேர்னா எவ்வளவு ரோடு? 10,000 சதுர மீட்டர். 3.75 மீட்டர் அகலத்துல ஒத்தைத் தடம் போட்டா 2.6 கிலோமீட்டர் வருது. மலைச்சரிவு, வடிகால்னு அகலத்தை 5 மீட்டரா வெச்சாக்கூட 2 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் நின்னு போற இடத்துக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கிற கடைசித் துண்டு பல இடத்துல இவ்வளவுதான். சட்டத்துக்கே இது தெரியும், அதனாலதான் இந்த வழியை வெச்சிருக்கு. தமிழ்நாட்டுல இந்தச் சட்டத்துக்கு 2008-லயே கோர்ட் முட்டுக்கட்டை வந்தது, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியாச்சு. அப்புறம் என்ன தடை? மனசுதான் தடை.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. 2000-இல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல சமவெளின்னா 500 பேர் இருக்கிற குடியிருப்புக்கு ரோடு, அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பழங்குடிப் பகுதின்னா 250 பேர் இருந்தாலே போதும். நல்ல விதி. ஆனா தமிழ்நாட்டுல ஐந்தாவது அட்டவணைப் பகுதின்னு ஒரு இடம்கூட அறிவிக்கப்படல. அதனால அந்தச் சலுகை அந்த வழியில நம்ம மலைக்கு வரவே இல்ல. மாறி மாறி ஆண்ட ரெண்டு பேரும் இதுக்கு என்ன பண்ணினாங்கன்னு கேட்டுப் பாருங்க. பேச்சே வராது.

அவ்வளவு சிரமமா மலையில ரோடு போடுறது? அதே ஜவ்வாது மலையில காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1977-இல் யுரேனஸுக்கு வளையம் உண்டுங்கிற சான்று பதிவான இடங்கள்ல அதுவும் ஒண்ணு. 2.3 மீட்டர் குறுக்களவு இருக்கிற தொலைநோக்கிக் கண்ணாடியை பெங்களூருவிலிருந்து கொண்டுவந்து மேல ஏத்தினாங்க. நமக்கெல்லாம் பெருமைதான், மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா கீறல் விழாம ஒரு கண்ணாடியை ஏத்தத் தெரிஞ்ச நாட்டுக்கு, ஒரு கர்ப்பிணியைப் பத்திரமா கீழ இறக்கத் தெரியாதா?

■ சிக்னல்: ஆடம்பரம் இல்ல, அரிசி!

"மலையில இருக்கிறவனுக்கு எதுக்கு இன்டர்நெட், ரீல்ஸ் பார்க்கவா?" இப்படியும் ஒருத்தர் கேட்டார். அவருக்கு:

ரேஷன் கடையில கைரேகை மெஷினுக்கு சிக்னல் வேணும். 108 கூப்பிட சிக்னல் வேணும். 2023 ஜனவரி 1 முதல் 100 நாள் வேலைக்கு ஆப்-ல போட்டோ எடுத்து வருகை பதியணும்னு கட்டாயமாக்கினாங்க. டவரே இல்லாத ஊர்ல ஆப் கட்டாயம்னா, வேலை செஞ்சவனுக்குக் கூலி வேணாம்னு அர்த்தம். கொரோனா காலத்துல ஆன்லைன் வகுப்புன்னு சொன்னப்போ மலைப் பிள்ளைங்க சிக்னல் தேடி மேட்டுக்கு மேடு அலைஞ்சதை மறந்துட்டீங்களா?

வியாபாரத்துக்கும் இதுதான். கேரளாவுல 1997-லேருந்து 2001 வரைக்கும் கடலோரத்துக்கு செல்போன் வந்தப்போ என்ன ஆச்சுன்னு ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார அறிஞர் ஆராய்ச்சி பண்ணி 2007-இல் வெளியிட்டார். மத்தி மீன் பிடிக்கிறவங்க கடலிலிருந்தே போன் போட்டு எந்தக் கரையில நல்ல விலைன்னு கேட்டுட்டு அங்க போனாங்க. மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சது, மீன் வீணாகிறது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. மீனுக்கு ஆனது புளிக்கும் சாமைக்கும் ஆகாதா?

காசு இல்லையா? இருக்கு. நாம கட்டுற ரீசார்ஜ்லேருந்து வர்ற வருமானத்துல 5 சதவீதத்தை, இந்த மாதிரி ஊருங்களுக்காகவே கம்பெனிங்ககிட்ட அரசு வசூல் பண்ணிச்சு. 2022 ஜூலையில 24,680 ஊருக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடின்னு மத்திய அமைச்சரவை முடிவு எடுத்தது. ஊராட்சிக்கு ஃபைபர் தர்ற பாரத்நெட் 2011-லயே ஆரம்பிச்ச திட்டம். தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் இணைப்புன்னு சொன்னாங்க. 2020-இல் டெண்டர் மேல புகார் வந்து அதுவே ரத்தாச்சு. மத்திய அரசு மாநிலத்தைச் சொல்லும், மாநிலம் மத்தியைச் சொல்லும். நடுவுல போன் மட்டும் "தொடர்பு எல்லைக்கு வெளியே" இருக்கும்.

■ நம்ம கோரிக்கை தெளிவா இருக்கு

1. தேசிய நெடுஞ்சாலை 77-இல் திருவண்ணாமலை – செங்கம் – ஊத்தங்கரை பகுதியை, நடுத்தடுப்போட நாலு வழியாக்கணும். முடிஞ்சவரைக்கும் இருக்கிற சாலை எல்லைக்குள்ளேயே.

2. திண்டிவனம் – திருவண்ணாமலை பாதையை முடிச்சு, செங்கம் வழியா ஜோலார்பேட்டைக்கு இணைக்கணும். ஆயிரம் ரூபாய் நாடகம் போதும்.

3. ஜவ்வாது மலையில ஆம்புலன்ஸ் போக முடியாத ஒவ்வொரு குடியிருப்பையும் பட்டியல் போட்டு வெளியிடணும். மூணு மாவட்ட ஆட்சியரும் சேர்ந்து ஒரே பட்டியலா. பிரிவு 3(2) படி ரோடு போடணும்.

4. ரோடு போடும்போதே ஃபைபர் குழாயையும் பதிக்கணும். இன்னைக்குத் தார் போட்டு நாளைக்குத் தோண்டுற வேலை வேணாம். டவருக்குத் தேவை மூணு: கரண்டு, ஃபைபர், பழுது பார்க்கப் போக ரோடு. மூணும் ஒரே தடத்துல போகும்.

5. ஜமுனாமரத்தூரிலும் செங்கத்திலும் குளிர்பதனக் கிடங்கு. மலையிலிருந்து செங்கம் சந்தைக்கு, விவசாயி சரக்கோட ஏறுற மாதிரி காலையில பஸ்.

"இதுக்கெல்லாம் காசு எங்க?"ன்னு கேட்கிறவங்களுக்கு: எட்டு வழிக்கு 10,000 கோடி எங்க இருந்துச்சோ, அங்கதான்.

■ நீங்க என்ன பண்ணணும்?

லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. மலை மேல சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க இருந்தா இந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க, அங்க சிக்னல் இருக்காது. ஒவ்வொரு ஊர்லயும் கிராம சபை கூட்டி, "பிரிவு 3(2)-இன் கீழ் எங்கள் ஊருக்குச் சாலை வேண்டும்"னு தீர்மானம் போடுங்க. ஊர்ல பாதிப் பேராவது உட்காரணும், தீர்மானத்துல கையெழுத்து வாங்குங்க, நகல் ஒண்ணு கையில வெச்சுக்கோங்க. மனுன்னா குப்பைக்குப் போகும். கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டம் பதில் சொல்லியே ஆகணும். தீர்மானம் எழுதத் தெரியலைன்னா நம்ம ஒன்றிய நிர்வாகிகளைக் கூப்பிடுங்க, கூட வந்து உட்காருவாங்க.

அடுத்த தடவை யாராவது வந்து "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு கமெண்ட் போட்டா, திட்ட வேணாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அல்லேரி மலையில அந்தத் தாய் நடந்தாளே, அந்த வழிக்கு நீங்க எத்தனை வழிச்சாலை அறிவிச்சீங்க?

#செங்கத்துக்கு_ரயில்
#ஜவ்வாதுமலைக்கு_ரோடு
#மலைக்கும்_சிக்னல்_வேணும்

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு, செங்கம்